நான்காவது ஃபோன்

ஒரு நாள் காலையில் எங்கள் ஊர் மாதா கோயிலில் துக்கமணி அடித்தது. அடுத்த வீட்டுப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்து, "யக்கா, கீழத்தெரு தாத்தா போயிட்டாரு" என்றாள். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நீ பாத்தியா?"

"இல்லக்கா. வழியில பறைஞ்சாவ."

"பாக்காம எதுக்குட்டி பறையுத? போய் பாத்திட்டு வா."

அந்தப் பெண்ணும், பாவம், திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பாத்தேன்க்கா. மூக்குல பஞ்சு வச்சிருக்கு." அதற்குப் பிறகுதான் அக்கா கையைக் கழுவிவிட்டுச் சேலை மாற்றினாள். போன இடத்தில் எல்லாரையும்விட அதிகமாக அழுததும் அவள்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி. முறைக்கு ஓரகத்தி. நான் அக்கா என்பேன், என் கணவர் மைனி என்பார். முட்டத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில் அவளோடு ஏழு வருடம் இருந்தேன். மாமியார் உண்டு, அக்காவுக்கு ஒரு மகன் உண்டு, ஆண்கள் இரண்டு பேரும் மஸ்கட்டில். மூத்தவர் முதலில் போனார். பிறகு தம்பிக்கும் விசா எடுத்து அழைத்துக்கொண்டார்.

இந்த உலகத்தில் எதையும் அப்படியே நம்பக்கூடாது என்று அக்கா எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாளோ தெரியாது. மீன்காரி கொண்டுவரும் மீனின் செவுளை இரண்டு பக்கமும் தூக்கிப் பார்ப்பாள். ஒரு பக்கம் சிவப்பாக இருந்தால் போதாது. கோட்டாற்றில் துணி எடுக்கப் போனால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, கடைக்கு வெளியே வந்து தீக்குச்சி கிழித்துக் கொளுத்தி மோந்து பார்ப்பாள். கடைக்காரர் வாசலில் நின்று கைபிசைவார். அலமாரியைப் பூட்டிவிட்டு, கதவிடுக்கில் ஒரு வெள்ளை நூலைச் செருகி வைப்பாள். நூல் விழுந்து கிடந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். யார் திறப்பது? வீட்டில் இருந்தது மூன்று பெண்களும் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனும்தான். நான் அந்த அலமாரிப் பக்கமே போக மாட்டேன். பல்லி ஓடி நூல் விழுந்தாலும் என்னைத்தான் ஒரு பார்வை பார்ப்பாள்.

புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு புனிதரைப் பற்றிக் கதை சொன்னார். பூசை முடிந்ததும் அக்கா நேரே அவரிடம் போய், "சாமி, இது எந்தப் புஸ்தகத்துல வருது?" என்று கேட்டுவிட்டாள். சாமியார் சிரித்து மழுப்பினார். ஆனால் அன்றிலிருந்து கதை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவருடைய கண் ஒரு தடவை அக்கா உட்காரும் இடத்துக்குப் போய்வரும். கூட்டத்தில் நாங்கள் முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்குவோம்.

நான் கல்யாணமாகி வந்து முதல் முதலாக மீன்குழம்பு வைத்த அன்று, ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நீ வச்சதா?" என்றாள். நான் கோட்டாற்றுக்காரி. கடற்கரையில் பிறக்காதவளுக்குக் குழம்பு வைக்கத் தெரியாது என்பது அவள் எண்ணம். மறுநாள் நான் புளி கரைத்ததிலிருந்து இறக்கி வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். கொதித்து முடிந்ததும், "கொள்ளாம், நீதான் வச்சிருக்க" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

இப்படிப்பட்டவளிடம் ஃபோனைக் கொடுத்தால் என்ன ஆகும்?

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் எங்கள் வீட்டில் மூன்று ஃபோன்கள் இருந்தன. முன்னறையில் மாமியாருடைய லேண்ட்லைன், அக்காவிடம் ஒரு செல், என்னிடம் ஒரு செல். எங்கள் ஊரில் டவர் ஒழுங்காகக் கிடைக்காது. செல்லை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். மணி அடித்தால் ஓடிவருவதற்குள் நின்றுவிடும். மஸ்கட்டிலிருந்து கூப்பிடுகிறவர்கள் எது கிடைக்கிறதோ அதில் பேசுவார்கள். மூத்தவர் மாமியாரிடம் ஒரு தேதியில் வருவேன் என்பார். மாமியாருக்குக் காது மந்தம். அவர் வேறு மாதத்தைச் சொல்வார். என் ஃபோனில் கிடைத்தால் என்னிடம் ஒன்று சொல்வார். நான் அதை அக்காவிடம் சொன்னால், "ஒங்கிட்ட எதுக்கு சொன்னாவ?" என்று கேட்பாள்.

"ஒங்க ஃபோன் கிடைக்கலயாம்க்கா."

"கிடைக்கலன்னு யாரு சொன்னா? அவியளா, நீயா?"

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னாள். "எனக்கு வாற சேதி எல்லாம் வழியில ஒழுகுது. பாதிதான் எனக்கு வருது. எல்லா ஃபோனுக்கும் வாறத ஒரே எடத்துல போட்டு வைக்க வழி இருக்காட்டி? நீ ஃபோன் கடையில நின்னவதானே?"

என் வாய் சும்மா இருக்குமா? கல்யாணத்துக்கு முன்னால் கோட்டாற்றில் ஒரு செல்போன் கடையில் இரண்டு வருடம் நின்றவள் நான். அந்தப் பெருமையில், "இருக்குக்கா, நான் செய்து தாறேன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

செய்தது இவ்வளவுதான். புதிதாக ஒரு சிம் வாங்கி அதில் வாய்ஸ்மெயில் போட்டுக்கொண்டோம். அது எந்நேரமும் அணைத்தே வைக்கப்படும் ஒரு பழைய ஃபோன், நான்காவது ஃபோன். வீட்டிலுள்ள மற்ற மூன்றில் எதை யார் கூப்பிட்டு, அது எடுக்கப்படாமல் போனாலும், அணைந்து கிடந்தாலும், டவர் இல்லாமல் போனாலும், அந்த அழைப்பு நான்காவதுக்குத் திரும்பிவிடும். அது அணைந்து கிடப்பதால் கூப்பிட்டவர் சொல்வது வாய்ஸ்மெயில் பெட்டியில் பதிவாகிவிடும். மூன்று ஃபோனுக்கும் ஒரே பெட்டி. திறப்பதற்கு நான்கு எண் கொண்ட ரகசிய எண். கடையில் நான் போட்டுக் கொடுத்த எண்ணை வீட்டுக்கு வந்த அன்றே அக்கா மாற்றிவிட்டாள்.

முதல் நாள் பெட்டியைத் திறந்ததும், எத்தனை செய்தி வந்திருக்கிறது என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. அக்கா ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இவ யாரு?"

"அது மிசின்க்கா. பதிஞ்சு வச்ச குரல்."

"எத்தனைன்னு எண்ணிச் சொல்லுதா. அப்போ கேட்டிட்டுதானே நமக்குத் தாறா?"

"அக்கா, அவளுக்குத் தமிழே தெரியாது."

"தெரியாதுன்னு அவ ஒங்கிட்ட சொன்னாளா?"

கடைசிவரை அந்தப் பெண்ணின் மீதிருந்த சந்தேகம் அவளுக்குப் போகவில்லை.

தினமும் ஏழு மணிக்கு செபமாலை முடிந்ததும் அரிசிப் பானைக்குள்ளிருந்து நான்காவது ஃபோன் வெளியே வரும். அக்கா அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய் முதலில் தனியாகக் கேட்பாள். பிறகுதான் முன்னறைக்குக் கொண்டுவந்து ஸ்பீக்கரில் போடுவாள். நானும் மாமியாரும் உட்கார்ந்து கேட்போம். அவள் தனியாகக் கேட்டதும் எங்களுக்குப் போட்டதும் ஒன்றுதானா? உள்ளேயே எதையாவது அழித்துவிட்டு வருகிறாளா? மஸ்கட்டிலிருந்து என் கணவர் எனக்கென்று சொன்ன நாலு நல்ல வார்த்தையையும் இவள் முதலில் கேட்டுவிடுகிறாளே என்று எனக்கு எரியும். அக்காவோடு இருந்து இருந்து எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் உலகத்தைச் சந்தேகப்பட்டாள். நான் அவளைச் சந்தேகப்பட்டேன்.

பெட்டியில் ஒரு கோளாறு இருந்தது. கடையில் நின்ற காலத்தில் எனக்கே அது உறைக்கவில்லை. பெட்டிக்குள் விழுந்த செய்தி எந்த ஃபோனுக்கு வந்தது என்பது தெரியாது. எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். வேறு ஊரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. நான் இன்னார் பேசுகிறேன், இன்னாரிடம் சொல்லுங்கள் என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் ஊர் ஆண்கள் பெண்டாட்டி பேரைச் சொல்ல மாட்டார்கள், தன் பேரையும் சொல்ல மாட்டார்கள். "ஏட்டி, நான்தான்." அவ்வளவுதான். போதாக்குறைக்கு அண்ணனுக்கும் தம்பிக்கும் ஃபோனில் ஒரே குரல். பெற்ற தாயே குழம்பிவிடுவார்.

"பேரச் சொல்லிப் பேசுங்க" என்று நான் என் கணவரிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "நான்தான்னு சொன்னா ஒனக்குத் தெரியாதா? வேற எவன் ஒன்ன ஏட்டின்னு கூப்பிடுவான்?" என்று சிரித்துவிட்டார்.

ஒரு நாள் ஸ்பீக்கரில் வந்தது: "ஏட்டி, நான்தான். நீ கேட்ட சாதனம் வாங்கி நம்ம ஊருப் பையன் ஒருத்தன் கையில குடுத்து விட்டிருக்கேன். அம்மைக்குத் தெரிய வேண்டாம்."

அம்மை எங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். "என்ன சொல்லுதான்?" என்று கேட்டார்.

"சொகமா இருக்காவளாம்" என்றாள் அக்கா.

நான் முகத்துக்குப் போடும் ஒரு கிரீம் கேட்டிருந்தேன். அதனால் பொதி வந்ததும் நானே பிரித்தேன். உள்ளே தலைமுடிக்குப் போடும் கறுப்புச் சாயம். அக்கா, தன் முடி நரைக்காத பரம்பரை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"இத யாரு கேட்டா?" என்றாள் அக்கா.

"நான் கேக்கல."

"நானும் கேக்கல. கடையில மாறிப் போயிருக்கும்."

இரண்டு நாள் அது மேசை மேல் கிடந்தது. மூன்றாம் நாள் காணவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அக்கா போன கோலத்தைப் பார்த்திருக்க வேண்டுமே, அப்படியொரு கறுப்பு! நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வாரம் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

நான் மாசமாக இருந்த வருடம் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஐந்தாம் மாதம். சாயங்காலம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் சிலுவைப்பாதைக்குக் கோயிலில் இருந்தோம். ஃபோனை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சாமியார் கண்டிப்பு. திரும்பி வந்து, செபமாலையும் முடிந்து, அக்கா நான்காவது ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். வழக்கமாக ஐந்து நிமிடம் ஆகும். அன்று கஞ்சி ஆறிப்போகும்வரை வரவில்லை. வந்ததும், "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். ஃபோனை நேரே அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

ஒன்றும் இல்லாததைக் கேட்க இவ்வளவு நேரமா? எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது.

அவளுடைய ரகசிய எண் எனக்குத் தெரியும். கையால் மறைத்துக்கொண்டுதான் அழுத்துவாள். ஆனால் கட்டைவிரல் நான்கு மூலைக்கும் போய்வருவதை நான் எப்போதோ கவனித்திருந்தேன். மறுநாள் அவள் மகனைக் கூட்டிக்கொண்டு குளச்சலுக்குப் போன நேரம் பார்த்து எடுத்தேன். செய்தி அழிக்கப்படாமல் இருந்தது.

முதலில் ஒரு கனைப்பு. பிறகு பேச்சு.

"ஏட்டி, நான்தான். இத நேர்ல சொல்ல எனக்கு தைரியம் இல்ல. நான் இனி ஊருக்கு வாறதா இல்ல. இஞ்ச எனக்கு வேற ஒரு வாழ்க்கை ஆயிப்போச்சு. என் மேல கோவப்படு, சபி, என்ன வேணும்னாலும் செய். புள்ளைய நல்லா வளத்துக்க. அம்மையிட்ட நான் பைய சொல்லிக்கிடுதேன்."

அவ்வளவுதான். ஏதோ எழுதி வைத்து வாசித்ததுபோல் இருந்தது.

அந்தக் கனைப்பு என் கணவருடையது. சின்ன வயதில் கோயிலில் வாசகம் வாசித்துப் பழகிய மனிதர். எதை வாசித்தாலும், பேப்பரில் விளம்பரத்தை வாசித்தாலும், முதலில் ஒரு கனைப்புக் கனைப்பார். இரண்டு குரலும் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். கனைப்பு வேறு. ஃபோனை அரிசிக்குள் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புள்ளைய வளத்துக்க என்றால் எந்தப் பிள்ளையை? இன்னும் பிறக்காததையா? அதற்குள் வயிற்றுக்குள் அது ஒரு உதை விட்டது. நான் வாய்விட்டு அழுதேன். மாமியாருக்குக் கேட்கவில்லை.

மஸ்கட்டுக்குக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தார். ஞாயிறும் அணைந்தே கிடந்தது, திங்களும் அப்படித்தான்.

அக்காவிடம் கேட்கலாமா? என்ன என்று கேட்பது? உங்கள் ஃபோனைத் திருடிக் கேட்டேன் என்றா? அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. அக்கா மாறிப்போயிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் மீனின் நடுத்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தத் துண்டு அவள் மகனுக்குத்தான். ஞாயிறு, "சாயா குடிச்சியா மக்கா?" என்றாள். மக்கா! நான் "குடிச்சேன்" என்றதும் குடித்த கிளாசைத் தேடாமல் அப்படியே போய்விட்டாள். திங்கட்கிழமை அலமாரிக் கதவு அரைவாசி திறந்து கிடந்தது, நூலையும் காணோம். சந்தேகப்படாத அக்காவைப் பார்க்க எனக்கு நடுக்கமாக இருந்தது. இது இரக்கம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புருசன் விட்டுப்போனவளைப் பார்க்கிற பார்வை. அப்படியானால் செய்தி எனக்கு வந்ததுதான். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மறைக்கிறாள்.

ஏன் மறைக்க வேண்டும்? நாலு நாளும் அதையே போட்டு உருட்டினேன். தன் புருசன் நல்லவர், என் புருசன் ஓடுகாலி என்று உள்ளுக்குள் சந்தோசமா? பேறுகாலம் முடிந்ததும் என்னைக் கோட்டாற்றுக்கு அனுப்பிவிட்டு வீட்டை அவளே ஆளலாம் என்றா? இல்லை, அவளே ஏதாவது மூட்டிவிட்டு இது நடந்ததா? கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு அப்படியே மூடிவிடுவேன். மனிதருக்கு எவ்வளவு கேவலமாக எல்லாம் யோசிக்க முடியும் என்று அந்த நாலு நாளில்தான் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அக்கா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். அவள் போன கையோடு நான் அரிசிப் பானையைத் திறந்தேன். நான்கு மூலையும் அழுத்தினேன். செய்தி எதுவும் இல்லை என்றாள் அந்த ஆங்கிலக்காரி. அக்கா அழித்துவிட்டிருந்தாள். எனக்கென்று இருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டாள்.

அவள் மாடியிலிருந்து இறங்கிவர வெகுநேரம் ஆனது. வாளியில் பாதித் துணி காயப்போடாமல் அப்படியே இருந்தது. கையில் அவளுடைய செல். பின்கட்டில் துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்தாள். நான் போய் எதிரே நின்றேன்.

"அழிச்சிட்டியளா?"

"எத?"

"வெள்ளிக்கிழம வந்தத. நான் கேட்டாச்சு. நாலு மூலையும் எனக்குத் தெரியும்."

வேறு நாளாக இருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். அவள் ஈரத் துணியைப் பார்த்துக்கொண்டே, "அது ராங் நம்பரு" என்றாள்.

"ராங் நம்பர் அம்மையிட்ட சொல்லிக்கிடுதேன்னு சொல்லுமா?"

"ஊருல எல்லாருக்கும்தான் அம்மை இருக்கு. அது ஒனக்கு வந்தது இல்லட்டி."

"யாரு சொன்னா?" என்று கேட்டேன். அவளுடைய கேள்வியை அவளிடமே கேட்டேன். அவள் வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்தாள். எனக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "நீங்க ஒரு நாளும் என்னைய நம்பினது இல்ல. என் புருசன் எனக்கு சொன்னதக்கூட ஒளிச்சு வச்சு ரசிச்சியளா? என் வாழ்க்கை போனா ஒங்களுக்குக் கொண்டாட்டம்தானே?"

அக்கா எழுந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி மாடிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே என் கணவர் கூப்பிட்டார். ஃபோன் பழுது, சரி செய்யக் கொடுத்திருந்தேன் என்றார். "நீங்க வருவியளா மாட்டியளா, அத மட்டும் சொல்லுங்க" என்றேன். "இது என்ன கேள்வி? புள்ள பொறந்ததும் வருவேன். அண்ணனும் நானும் லீவுக்கு எழுதிக் கொடுத்தாச்சு" என்றார். குரலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சர்க்கரை அதிகம். நம்புவதா? நம்பினேன், நம்பவில்லை. அடுத்த நாலு மாதமும் அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினேன். அக்காவிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் நடுத்துண்டு மீன் என் தட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

அந்தப் பெட்டியை அவள் அதற்குப் பிறகும் பல வருடம் வைத்திருந்தாள். தொடுதிரை ஃபோன் வந்து, எல்லாரும் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்து, நாங்கள் நாகர்கோவிலுக்குக் குடிவந்த பிறகும், ஏழு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போவாள் என்று அவள் மகன் சொல்லுவான். யார் அதில் பேசப்போகிறார்கள்?

அந்த வருடம் மகள் பிறந்து நாற்பதாவது நாள் ஞானஸ்நானம். என் கணவர் சொன்னபடி வந்துவிட்டார். வாசலில் பயணப் பெட்டியை இறக்கும்போது அவர் தலையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே சரியாக வந்தது. மூத்தவர் வரவில்லை. "கம்பெனி லீவு விடல்ல" என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! எனக்கு அப்போதுதான் உள்ளே ஒரு கேள்வி எழுந்தது. கனைப்பு இவருடையது. ஆனால் இவர் வந்து நிற்கிறார். வராதது அவர்.

விருந்து முடிந்து ஆட்கள் போன பிறகு, மத்தியானம், அக்கா பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என் கணவர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

"புள்ள தலையில கைய வச்சு சொல்லுங்க. தவசு காலத்துல அந்தப் பெட்டியில பேசினது யாரு?"

அவர் முகம் வெளுத்துப்போனது. "நான்தான்" என்றார்.

நான் குழந்தையைப் பறித்துக்கொண்டேன்.

"நில்லுட்டி. பேசினது நான். சேதி எனக்க இல்ல, அண்ணனுக்க. அண்ணனுக்கு அங்க ஒரு பொம்பளையோட குடும்பம் ஆயிருச்சு. மூணு வெள்ளிக்கிழம மைனிட்ட சொல்லணும்னு கூப்பிட்டாரு. மைனி எடுத்ததும் சாப்பிட்டியான்னு கேட்டிட்டு வச்சிருவாரு. பெட்டியில போட்டா நேர்ல பேச வேண்டாமேன்னு, சிலுவப்பாத நேரம் பாத்து மைனி நம்பருக்கு அடிச்சாரு. அப்பவும் வாய் வரல்ல. எழுதின தாள எனக்க கையில தந்து, ரெண்டு பேருக்கும் ஒரே குரல்தானேலே, நீ வாசின்னாரு. எனக்கு விசா எடுத்துத் தந்த அண்ணன். நான் வாசிச்சேன்."

"அறிவு இருக்கா ஒங்களுக்கு?"

"இல்ல" என்றார். "பயந்து நாலு நாள் ஃபோன அணைச்சே வச்சிருந்தேன். செவ்வாக்கிழம மத்தியானம்தான் போட்டேன். போட்டதும் மைனி. எடுத்த எடுப்புல திட்டு. மைனி இந்த வீட்டுக்கு வரும்போ எனக்குப் பன்னெண்டு வயசு. எனக்க கனைப்பு அவியளுக்குத் தெரியாம இருக்குமா? ஒனக்கு வந்த சேதின்னே நெனச்சிட்டாவ. 'லேய், அவ வயித்துப் புள்ளையோட நிக்கிறா, ஒனக்கு வேற வாழ்க்கையா? அவளுக்குத் தெரியாம நான் மறச்சு வச்சிருக்கேன், அதுக்குள்ள மரியாதைக்கு மனச மாத்து. இல்லேன்னா அவளக் கூட்டிக்கிட்டு நானே அங்க வந்து ஒனக்க தலைமுடியப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வருவேன்'னு ஒரே கரச்சலு. மைனி அழுது நான் அன்னைக்குத்தான் கேட்டேன்."

"பிறகு?"

"பின்னே என்ன செய்ய? 'மைனி, குரல்தான் எனக்க. சேதி அண்ணன் ஒங்களுக்கு சொல்லச் சொன்னது'ன்னு சொல்லிட்டேன். கட் ஆயிருச்சுன்னு நெனச்சு அலோ அலோன்னேன். 'அப்போ அவளுக்கு இல்லியே?'ன்னு கேட்டாவ. 'இல்ல மைனி'ன்னேன். 'அப்போ சரி. அவ நாலு நாளா ஒழுங்கா திங்கல்ல. சாயந்தரம் அவளக் கூப்பிட்டு நல்லா ரெண்டு வார்த்த பேசு'ன்னாவ. வச்சிட்டாவ."

பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாடியில் நின்று அந்த ஃபோனை வைத்துவிட்டு, காயப்போடாத துணியோடு இறங்கி வந்து அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். அப்போதுதான் நான் போய், என் வாழ்க்கை போனால் உங்களுக்குக் கொண்டாட்டம்தானே என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன்.